பொட்டி தட்டுறவன் படகு தட்டின கதை

நாகப்பட்டினத்துல கடலைப் பார்த்து வளர்ந்துட்டு, புனேல வந்து பொட்டி தட்டுறவனுக்கு, கடக்வாஸ்லா ஏரியில என்.டி.ஏ. பசங்க பாய் விரிச்சுப் போறதைப் பார்த்தா என்ன தோணும்? அதேதான்.

பான்ஷெட் ரோட்டுல ஒரு ஷெட்ல 22 அடி பாய்மரப் படகு, செகண்ட் ஹேண்ட், விலைக்கு இருக்குன்னு கேள்விப்பட்டு ஒரு ஞாயித்துக்கிழமை கிளம்பியாச்சு. கூடவே தங்கமணி, 'உம்'முன்னு. கோவத்துல நியாயம் இருக்கு. கையில இருந்த நாலு லட்சம், ஊர்ல அப்பா வீட்டுக்கு மாடி எடுக்கன்னு சேர்த்தது.

முந்தின ராத்திரியே நம்மூர்ல பைபர் போட் ரிப்பேர் பண்ற அண்ணனுக்குப் போன் போட்டேன். "தம்பி, நம்ம போட்டு கெட்டி பைபர். நீ சொல்றது கிரீம் பிஸ்கட்டு மாதிரி. மேலயும் கீழயும் பைபர், நடுவுல பால்சா மரம். பலாப்பழம் தட்டுற மாதிரி தட்டிப் பாத்துட்டு வாங்கு."

நடுவுல மரம்னா மட்டம்னு நினைச்சுடாதீங்க. ரெண்டு மெல்லிசு தோலை லேசான மரத்தால விலக்கி வச்சா, எடை அதிகம் ஏறாமலே விறைப்பு பல மடங்கு ஏறும். கோவாவுல கட்டின ஐ.என்.எஸ்.வி. மாதேய் கூட செடார் மரத்துக்கு ரெண்டு பக்கமும் பைபர் போட்டதுதான். அதுலதான் திலீப் டோண்டே 2009-10ல தனியாளா உலகத்தைச் சுத்தினார். 2012-13ல அபிலாஷ் டாமி எங்கயும் நிக்காமலே சுத்திட்டு வந்தார்.

வில்லங்கம் எல்லாம் அப்புறமா ஆளாளுக்குப் போடுற ஓட்டையில. ஓட்டையைச் சுத்தி மரத்தைச் சுரண்டி எடுத்து, எபாக்சி ரொப்பி, இறுகின பிறகு அதுக்குள்ள துளைக்கணும். சோம்பல்பட்டு நேரா துளைச்சா தண்ணி உள்ள போய் மரம் உளுத்து, தோல் தனியா கழண்டுக்கும். வெளியில ஒண்ணும் தெரியாது.

படகு புது பெயிண்ட்ல தகதகன்னு இருந்துச்சு (அங்கயே உஷாராகியிருக்கணும்). ஸ்க்ரூடிரைவர் பிடியால தட்ட ஆரம்பிச்சேன். டக், டக், டக். முன்பக்கம் சுத்தம். அடியில ஆழம் பார்க்கிற கருவி மாட்டின இடத்துல, 'தொப்'. ஒரு முழம் தள்ளி, அங்கயும் 'தொப்'. சாக்பீஸால கோடு போட்டுகிட்டே போனா, வட்டம் ரெண்டு கை விரிப்புக்கு வந்துடுச்சு. காதுதான் சரியில்லையோன்னு இன்னொரு தடவை தட்டினேன். விக்கிற காகாகிட்ட கேட்டுகிட்டு கருவியைக் கழட்டி ஆணியால குத்தினா, ஊறின மரத்தூள் பழுப்பா வந்துச்சு.

சரி பண்ணலாம். தோலை வெட்டி, உளுத்ததை எடுத்து, நல்லா காயவிட்டு, புது மரம் ஒட்டி மறுபடி பைபர் போடணும். அண்ணன் போன்லயே கணக்குப் போட்டார். "படகு விலையில பாதி ஆயிடும் தம்பி."

வேணாம்னதுக்கு காகா கோவிச்சுக்கலை. அவருக்கே தெரியாதுன்னுதான் நினைக்கிறேன். அந்த சாக்பீஸ் வட்டத்தையே பார்த்துகிட்டு நின்னுட்டு, உள்ள போய் டீ போட்டுக் கொண்டு வந்தார்.

திரும்பி வரும்போது தங்கமணி ரொம்ப நேரம் பேசலை. சிங்ஹகட் ரோடு டிராபிக்ல நிக்கும்போது மெதுவா கேட்டாங்க: "பாதி விலைக்குக் கேட்டுப் பார்த்திருக்கலாமோ?"