தென்காசிக் கோபுரமும் மூன்று பேரும்

குற்றால சீசன் ஆரம்பித்துவிட்டால் பஸ் பஸ்ஸாகக் கூட்டம் அருவிக்குப் போகும். வழியில் தென்காசிக் கோபுரத்தை ஜன்னல் வழியாகப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வதோடு சரி! இறங்கி ஒரு மணி நேரம் செலவழியுங்கள், சகோதரிகளே. "இவ்வளவு பெரிசா யாரும்மா கட்டினா?" என்று குழந்தைகள் கேட்டால், ஒருவர் பெயரைச் சொல்லி முடித்துவிட முடியாது.

முதலாமவர் பராக்கிரம பாண்டியர். மதுரை கைவிட்டுப் போன பிறகு தென்காசியைத் தலைநகராக்கி ஆண்ட பாண்டியர்களில் ஒருவர். 1422-ல் பட்டத்துக்கு வந்தார். காசிக்குப் போய்ச் சேர முடியாத தென்னாட்டு ஜனங்களுக்காக இங்கேயே கோயில் கட்டும்படி சிவபெருமான் அவர் கனவில் சொன்னாராம். எறும்புச் சாரை வழிகாட்ட, சிற்றாற்றங்கரைச் செண்பக வனத்தில் லிங்கம் கிடைத்ததாம். இது தலபுராணம். 1446-ல் திருப்பணி தொடங்கிப் பதினேழு வருஷம் நடந்தது. ராஜகோபுர வேலையை அவர் 1456-ல் தொடங்கினார்.

அதை முடித்து வைத்தவர் இரண்டாமவர், தம்பி குலசேகர பாண்டியர்.

சீசனில் போனால் முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். மலைக் கணவாய் வழியே வரும் மேல்காற்று கோபுர வாசலில் நம்மைத் தள்ளும். சில அடி உள்ளே போனால் அதுவே முதுகில் கை வைத்து அழைத்துப் போவது போலிருக்கும். உள்ளே வீரபத்திரர், ரதி, மன்மதன் என்று ஆளுயரத்துக்கு மேலான சிலைகள், தூணோடு தூணாக ஒரே கல்லில் செதுக்கியவை. ரதியின் நகைகளை மட்டும் பார்க்கவே பத்து நிமிஷம் வேண்டும்!

என் மனசில் தங்கியது இவை எதுவும் இல்லை. பராக்கிரம பாண்டியர் பாட்டாகக் கல்லில் வெட்டிவைத்த ஒரு வேண்டுகோள்தான். பிற்காலத்தில் இந்தக் கோயிலுக்கு ஏதாவது குறை வந்தால், அதைச் சரிசெய்கிறவர் யாரானாலும் அவரை உலகமறியப் பணிகிறேன் என்பது அதன் கருத்து. முடிசூடிய ராஜா, பிறக்காத ஒருவருக்கு முன்கூட்டியே கும்பிடு போட்டிருக்கிறார்!

குறை வரத்தான் செய்தது. கோபுரம் சிதைந்து, வெகுகாலம் மொட்டையாக நின்றது. அதை மீண்டும் எழுப்ப முன்னின்றவர் மூன்றாமவர், 'தினத்தந்தி' அதிபர் பா. சிவந்தி ஆதித்தன். ராஜ வம்சம் இல்லை; பத்திரிகைக்காரர். சுமார் 180 அடி உயரத்தில் ஒன்பது நிலைக் கோபுரம் எழும்பி, 1990-ல் கும்பாபிஷேகம் நடந்தது.

அங்கிருந்து குற்றாலம் ஐந்தாறு கிலோமீட்டர்தான். குளித்துத் தலை துவட்டியதும் குற்றாலநாதரைத் தரிசியுங்கள். சங்கு வடிவில் அமைந்த கோயில் அது. பக்கத்தில் சித்திர சபையையும் விட்டுவிடாதீர்கள். நடராஜரின் ஐந்து சபைகளில் ஒன்று. சுவரெல்லாம் மூலிகை வர்ண ஓவியங்கள். குழந்தைகள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். சுவரைத் தொடவோ பெயர் கிறுக்கவோ விடாதீர்கள். கோபுரம் கட்டிக் கொடுக்க நம்மால் முடியாது. ஆனால் புதிதாக ஒரு குறை வராமல் பார்த்துக்கொண்டால், அந்த ராஜாவின் கும்பிட்டில் நமக்கும் ஒரு துளி பங்கு உண்டு.