மஞ்சள் தளிர்

இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் (தாவரவியல்)

பழுத்த இலை மஞ்சளாவது இயற்கை. அதற்காக யாரும் கவலைப்படுவதில்லை. ஆனால் பிறக்கும் தளிரே மஞ்சளாகப் பிறந்தால்?

என் தந்தை உதகையில் ஒரு பங்களாவின் தோட்டக்காரர். அதன் பின்கட்டில்தான் எங்கள் குடித்தனம். முன்வாசல் படிகளின் இருமருங்கிலும் பன்னிரண்டு தொட்டிகளில் அசேலியாச் செடிகள் உண்டு. அசேலியா நமக்கு அந்நியமன்று. நம் சோலைக்காடுகளின் ஓரத்தில் செக்கச்செவேலென்று பூத்து நிற்கிறதே காட்டுப் பூவரசு, அந்த ரோடோடென்ட்ரான் பேரினத்தைச் சேர்ந்ததுதான். மகரந்தத் தாள் ஐந்தானால் அசேலியா, பத்தானால் ரோடோடென்ட்ரான் என்று 1753-இல் லின்னேயஸ் பிரித்து வைத்தார். பின்வந்தோர் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டனர். (தேர்வுக்கு இது வராது, தைரியமாக மறந்துவிடலாம்.)

சென்ற ஆண்டு சீசனுக்கு முன்பு படிகளுக்கும் தொட்டிகளுக்கும் சுண்ணாம்பு அடித்தார்கள். வாளியில் மீந்ததைத் தொட்டிகளின் ஓரத்திலேயே கழுவி ஊற்றினார்கள். இரண்டு மாதத்தில் செடிகள் மஞ்சளித்தன. "தண்ணீர் ஒழுங்காக ஊற்றுவதில்லை. செடி பட்டுப்போனால் வேறு ஆளைத்தான் பார்க்க வேண்டும்" என்றார் வீட்டுக்காரர். வேறு ஆள் வந்தால் பின்கட்டும் அவருக்குத்தான்.

அன்றிரவு சாப்பிடும்போது அப்பா கேட்டார்: "கண்ணு, நீ செடிப் படிப்புத்தானே படிக்கிறே? கொஞ்சம் வந்து பாரேன்."

நான் எழுந்து போகவில்லை. முதலாண்டுத் தேர்வு எழுதி முடித்திருந்த மிதப்பு. "சத்துக் குறைவுதான் அப்பா. அடுப்புச் சாம்பலைப் போடுங்க. அதுல பொட்டாஷ் இருக்கு" என்றேன்.

"அடியில இருக்கற இலை நல்லாத்தான் இருக்குது கண்ணு. புதுத் தளிர்தான் மஞ்சளா வருது. நரம்பு மட்டும் பச்சையா நிக்குது."

"எல்லாம் ஒண்ணுதான் அப்பா."

படித்த பிள்ளை சொல்லிவிட்டது. மறுநாளே பன்னிரண்டு தொட்டிகளுக்கும் சாம்பல் போட்டார். கல்லூரி திறப்பதற்குள் இரண்டு செடிகள் காய்ந்துபோயின.

ஜூலையில் எங்கள் பேராசிரியரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் வினவியது ஒன்றே: "மஞ்சளானது தளிரா, மூத்த இலையா?" அப்பா சொன்னதை அப்படியே ஒப்புவித்தேன். "நோயை உன் தந்தையே சொல்லிவிட்டாரே!" என்றார்.

தழைச்சத்தோ பொட்டாஷோ குறைந்தால், செடி மூத்த இலையிலிருந்து எடுத்துத் தளிருக்குக் கொடுக்கும். ஆகவே முதலில் வாடுவது மூத்த இலை. இரும்பு அவ்வாறு எளிதில் இடம்பெயராது. அது குறைந்தால் தளிர்தான் பட்டினி கிடக்கும். பச்சையத்தின் நடுவில் இருப்பது மக்னீசியம். இரும்பு அதில் இல்லை. ஆயினும் இரும்பின்றிப் பச்சையம் உருவாகாது. நம் மலையின் செம்மண்ணில் இரும்புக்கா பஞ்சம்? அந்தச் சிவப்பே இரும்புதான். ஆனால் சுண்ணாம்பு சேர்ந்தால் அது நீரில் கரையாது. வேர் உறிஞ்ச முடியாது. அசேலியாவுக்கு 4.5 முதல் 6 வரை பிஎச் உள்ள அமில மண் வேண்டும். சாம்பலோ சுண்ணாம்புக்குத் தங்கை. அப்பாவைக் கொண்டு நான் இரண்டாம் முறையும் சுண்ணாம்பு போட வைத்திருக்கிறேன்!

தொட்டி மண்ணையும் தேயிலைச் செடியடி மண்ணையும் ஆய்வகத்திற்குக் கொண்டுசென்று, வாலைவடிநீரில் கலக்கிப் பிஎச் தாளை நனைத்தோம். தேயிலை மண்ணில் தாள் ஆரஞ்சு மஞ்சளாயிற்று, பிஎச் 5. தொட்டி மண்ணில் நீலப்பச்சை, 8.

"சாம்பல்தான் கெடுத்திருக்கு. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன் அப்பா."

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "மீதி பத்தையும் காப்பாத்த வழி இருக்குதா?" என்று மட்டும் கேட்டார்.

வழி இருந்தது. வேர் மேலாகவே படர்ந்திருக்கும், கொத்தினால் அறுந்துவிடும். அதனால் மேல்மண்ணைக் கையாலேயே வழித்தெடுத்தோம். சாம்பல் படாத இலைமக்கும் தேயிலை மண்ணும் இட்டோம். நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி வாங்கி, லிட்டருக்கு 3 கிராம் கரைத்து, சாயங்கால வேளைகளில் இலைகளில் தெளித்தோம். பாட நூலில் அது இரும்பு சல்பேட். பொட்டலத்தை முகர்ந்து பார்த்த அப்பா, "எங்கம்மாவுக்குச் சோகை வந்தப்போ வைத்தியர் இதுல செஞ்ச செந்தூரம்தான் குடுத்தாரு" என்றார். நான் மூன்று பக்கம் படித்து அறிந்ததும் அதுதான்: செடிக்கு வந்த சோகை.

தெளித்த நீர் வெள்ளைப் படிகளில் துருக் கறையாக விழுந்தது. அதற்கும் அப்பாதான் வசவு வாங்கினார். மூன்று வாரம் கழித்து வந்த தளிர் பச்சையாக வந்தது.

இந்த ஆண்டு சுண்ணாம்பு அடிக்க ஆட்கள் வந்த காலையில், அப்பா பத்துத் தொட்டிகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பின்கட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டார். வாசலில் இருந்த இரண்டு காலித் தொட்டிகளுக்கு மட்டும் வெள்ளையடித்துப் போனார்கள்.