கங்கைக் கரை அரண்மனை

ராஜாக்கள் போய்விட்டார்கள், அரண்மனைகள் போக இடமின்றி அப்படியே நிற்கின்றன. அவற்றை என்ன செய்வது என்பது சுதந்திரம் வந்த நாளிலிருந்தே நம் தேசத்தில் ஒரு தலைவேதனையாக இருந்து வந்திருக்கிறது. சில அரண்மனைகளில் சர்க்கார் கச்சேரிகளை வைத்தார்கள். சிலவற்றில் கலாசாலை வைத்தார்கள். சிலவற்றில் வௌவால்கள் யாருடைய அனுமதியும் கேளாமல் குடியேறின. ஜெய்ப்பூர் மகாராஜா 1957-ம் ஆண்டில் தமது ராம்பாக் அரண்மனையை ஓட்டலாக்கினார். உதயபூர் ஏரியின் நடுவே மிதப்பது போல நிற்கும் ஜக்நிவாஸ் மாளிகை 1963-ல் ஓட்டலாயிற்று. 1971-ல் மன்னர் மானியம் ஒழிந்த பிறகோ கேட்கவே வேண்டாம். சமையற்கட்டும் விருந்தினர் அறையும் உள்ள அரண்மனைகளெல்லாம் வாசலில் விலைப் பட்டியலை மாட்டத் தொடங்கின.

ராஜ விருந்தாளி என்றால் முன்பு ராஜா அழைக்கவேண்டும். இப்போது பணம் அழைத்தால் போதும். ராஜாவைக் காட்டிலும் பணம் ஜனநாயகப் பிரியமுள்ளது என்று சொல்லலாமோ என்னவோ? ஆனால் அதன் அழைப்பும் எல்லோர் வீட்டுக்கும் வருவதில்லை. என் வீட்டுக்கு அது வந்தது, என் தமக்கையின் மகன் மூலமாக.

எங்கள் ஊர் குண்டடம். பல்லடத்திலிருந்து தாராபுரம் செல்லும் சாலையில் இருக்கிறது. சந்தை நாளில் ஆடுகளின் கத்தலும் மற்ற நாட்களில் காற்றின் இரைச்சலும் கேட்கும் வறண்ட மேட்டு நிலம். ஆறு என்ற ஒன்றைக் கண்ணால் காணவேண்டுமானால் தாராபுரம் போய் அமராவதியைப் பார்க்கவேண்டும். வடக்கே திருப்பூரில் நொய்யல் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. சாயப் பட்டறைகளின் கழிவு அதில் கலந்து ஓடிய காலத்தில் அதன் கரையில் நின்று பார்க்க ஆசைப்பட்டவர்கள் அதிகமில்லை. பாசனத்துக்கென்று 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையின் நீரை வயலில் பாய்ச்சக் குடியானவர்களே அஞ்சினார்கள். 2011-ல் சென்னை ஹைகோர்ட்டு சாயப் பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவிடும் அளவுக்குக் காரியம் முற்றிவிட்டது. இப்படிப்பட்ட சீமையிலிருந்து போனவர்களுக்கு, ஆற்றைப் பார்த்துக் கொண்டிருப்பதற்காகவே பணம் வாங்குகிறார்கள் என்ற செய்தி விசித்திரமாகத்தான் இருந்தது.

ஆனால் காசி எங்களுக்கு அந்நியமான ஊர் அல்ல. காசி நகரத்துக்குக் காவல் தெய்வம் காலபைரவர். எங்கள் ஊர்க் கோயிலில் கொங்கு வடுகநாதர் என்ற பெயரோடு வீற்றிருப்பவரும் அவரே. மிளகுப் பொதியைப் பயறு என்று பொய் சொன்ன வியாபாரியின் மூட்டைகளை மெய்யாகவே பயறாக்கிவிட்ட கதையை எங்கள் ஊர்க் குழந்தைகள் எல்லோரும் அறிவார்கள். "அங்கேயும் நம்ம வடுகநாதர்தானே இருக்கறாரு" என்று சொல்லித்தான் என் மைத்துனர் தமது கடைசி நாட்களில் ஒரு வாக்கு வாங்கிக்கொண்டார். கொங்கு நாட்டில் சாதாரணமாக அஸ்தியைப் பவானிக் கூடுதுறையிலோ கொடுமுடியிலோ கரைப்பது வழக்கம். அவருக்கு அது போதவில்லை. கங்கையில் கரைக்கவேண்டும், அதுவும் அக்காள் கையால் கரைக்கவேண்டும்.

அக்காளுக்கு வயது எழுபத்து நான்கு. இரண்டு முழங்காலும் வீங்கியிருந்தன. வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று அஸ்திக் கலயத்தைத் துணியில் சுற்றித் தோட்டத்து வேப்ப மரத்தில் கட்டி வைத்திருந்தாள். ஏழு மாதம் அது அங்கே தொங்கியது. காலையும் மாலையும் அந்த மரத்தடிக்குப் போய் ஒரு நாழிகை நின்றுவிட்டு வருவாள்.

திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் அவள் மகன் என்னிடம் வந்து சொன்னான்: "மாமா, காசியிலே படித்துறை ரொம்பச் செங்குத்தா இருக்குமுங்க. அம்மாவால எறங்க முடியாது. ஆத்துமேலேயே ஒரு அரண்மனை இருக்குது, இப்ப ஓட்டலுங்க. ஒரு ராத்திரி அங்கே தங்கிட்டு, விடியக்காலம் அப்படியே கீழே எறங்கிக் கரைச்சிருங்க." வாடகையைக் கேட்டேன். அவனுடைய கம்பெனியில் தையல் இயந்திரத்தில் உட்காரும் பெண் ஒருத்தியின் ஒரு மாதக் கூலிக்குக் குறையாது. அதை அக்காளிடம் சொல்லாமலிருப்பது என்று இருவரும் தீர்மானித்தோம்.

அந்த அரண்மனைக்கு இப்போது பிரிஜ்ராமா என்று பெயர். தர்பங்கா கட்டத்தில் இருக்கிறது. சந்துகள் குறுகலாகையால் விருந்தாளிகளைப் படகிலேதான் அழைத்துப் போகிறார்கள். நாங்கள் ஒரு படகை நாங்களே அமர்த்திக்கொண்டு அஸி கட்டத்தில் ஏறினோம். காசியில் கங்கை வடக்கு நோக்கித் திரும்பி ஓடுகிறது. நகரம் முழுவதும் மேற்குக் கரையில். எதிர்க் கரையில் மணல் திட்டைத் தவிர வேறொன்றுமில்லை. ஆகையால் உதயசூரியனுக்கும் நகரத்துக்கும் நடுவே மறைப்பு எதுவும் கிடையாது. சுப்பிரமணிய பாரதியார் இளமையில் வாழ்ந்த அனுமான் கட்டத்தைக் கடந்தோம். பக்கத்திலே ஹரிச்சந்திர கட்டம். சிதைகள் எரிந்து கொண்டிருந்தன. அடுத்து, குமரகுருபரர் நிறுவிய மடம் உள்ள கேதார கட்டம். படகோட்டி எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, "அம்மா, தமிழா?" என்றார். தென்னாட்டு யாத்திரிகர்களை ஏற்றி இறக்கியே கற்றுக்கொண்ட தமிழ். வினைச்சொல் மட்டும் அகப்படாது, மற்றதெல்லாம் வரும்.

அரண்மனையைத் தூரத்திலிருந்து பார்த்தால் மாளிகை என்று தோன்றாது. கோட்டை என்றே தோன்றும். சுனார் மலைக் கல்லினால் கட்டிய உயர்ந்த மதில். அதன் மேலே கொத்து வேலை செய்த மாடங்கள். வெள்ளம் ஏறும் நதி என்பதால் கீழே வெறுங் கல்லையும் உயரத்தில் அழகையும் வைத்திருக்கிறார்கள். நாகபுரி போன்ஸ்லே சமஸ்தானத்தில் மந்திரியாக இருந்த ஸ்ரீதர நாராயண முன்ஷி என்பவர் 1812-ம் ஆண்டில் கட்டியது. பக்கத்துப் படித்துறைக்கு இன்றும் அவர் பெயரால் முன்ஷி கட்டம் என்றே வழங்குகிறது. நூறு வருஷம் கழித்து, 1915-ல், தர்பங்கா மகாராஜா ராமேசுவர சிங் இதை வாங்கினார். காசி ஹிந்து சர்வகலாசாலை அமைவதற்கு மாளவியாவுடன் நின்று பாடுபட்டவர் இவர்.

இவருடைய குமாரர் காமேசுவர சிங்கின் பெயரைச் சட்டம் படித்தவர்கள் யாரும் மறக்க முடியாது. அவர் அரசியல் நிர்ணய சபையில் அங்கத்தினராக இருந்தவர். தேசத்திலேயே மிகப் பெரிய ஜமீன்களில் ஒன்று அவருடையது. 1950-ல் பீகார் சர்க்கார் ஜமீன் ஒழிப்புக்கு வழி செய்யும் சட்டத்தைக் கொண்டுவந்தபோது அவர் கோர்ட்டுக்குப் போனார். 1951 மார்ச்சு மாதம் பாட்னா ஹைகோர்ட்டு அந்தச் சட்டம் செல்லாது என்று தீர்ப்புக் கூறிற்று. சுமார் மூன்று மாதத்தில் நமது அரசியல் சட்டத்துக்கு முதலாவது திருத்தம் வந்துவிட்டது! 1952-ல் சுப்ரீம் கோர்ட்டிலும் ஜமீன் தோற்றது. அரசியல் சட்டம் எழுதிய சபையில் உட்கார்ந்திருந்த ஒருவரே அதைத் திருத்தவேண்டிய அவசியத்தையும் உண்டாக்கினார் என்பதை நினைத்தால் வேடிக்கையாயிருக்கிறது. நிலம் போன பிறகு அரண்மனைகளை வைத்துக் காப்பாற்றுவது எப்படி? 1990-களில் ஓட்டல் நடத்துகிறவர்கள் இதை வாங்கிப் பல வருஷ காலம் பழுது பார்த்தார்கள். இப்படிச் செய்ததைக் குறை கூற என் மனம் இடம் கொடுக்கவில்லை. செட்டி நாட்டிலே தேக்குத் தூண்களைக் கழற்றிக் காரைக்குடிக் கடைகளில் விற்றுவிட்ட வீடுகளின் வெற்றுச் சுவர்களை நான் பார்த்திருக்கிறேன். தூண் இருந்த இடத்தில் நிற்பதற்கு ஒரு ராத்திரி வாடகைதான் விலை என்றால், அது வாங்கட்டும்.

படகு படியோரம் ஒதுங்கியது. ஓட்டல் சிப்பந்திகள் வந்து கைகொடுத்தார்கள். அக்காள் எழுந்திருக்கவில்லை. மடியில் கலயத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் அக்கா?"

"இதை எடுத்துட்டு ஊட்டுக்குள்ளே போகப்படாது தம்பி."

"இது வீடு இல்லையக்கா, ஓட்டல்."

"நாலு பேரு படுத்துத் தூங்கற எடந்தானே? அப்ப ஊடுதான்."

விஷயத்தை அறிந்து மேனேஜர் இறங்கி வந்தார். வெகு மரியாதையான மனிதர். காசியில் அஸ்திக்குத் தீட்டே கிடையாது, தாராளமாகக் கொண்டு வரலாம் என்றார். நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். அக்காள் கேட்டுக்கொண்டாள். "அவிய ஊரு வழக்கம் அவியளுக்கு. இத்தனை மாசம் மரத்திலே வெச்சிருந்துட்டு, இன்னிக்கு ஒரு ராத்திரிக்காக நான் மாத்தமாட்டேன்" என்றாள். படகிலேயே இரவு முழுவதும் உட்கார்ந்திருக்கவும் அவள் தயார். அப்பொழுது படகோட்டி, தமக்குத் தெரிந்த வினைச்சொல்லில்லாத் தமிழில், "அம்மா மேலே. ஐயா படகில். நான் கூட" என்றார். ஐயா என்று அவர் சொன்னது கலயத்தை. அக்காள் அவர் முகத்தைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு கலயத்தைத் தன் கையாலேயே படகின் முன்பக்கத்தில் வைத்து, முந்தானைத் துணியொன்றைக் கிழித்து வளையத்தில் கட்டிவிட்டு, என் தோளைப் பிடித்து எழுந்தாள்.

உள்ளே இருந்த சௌகரியங்களை விவரிக்கப் புகுந்தால் இடம் போதாது, அவசியமுமில்லை. தர்பங்கா ராஜா காலத்திலேயே மேலும் கீழும் ஏற்றி இறக்க ஒரு லிப்டு வைத்திருந்ததாகப் பணியாள் பெருமையுடன் சொன்னார். மரக்கறி உணவுதான், மது கிடையாது. காசியிலே அரண்மனை ஓட்டலானாலும் இந்த மட்டில் காசியாகவே இருக்கிறது. மாலையில் முற்றத்தில் சங்கீதக் கச்சேரி நடந்தது. தசாசுவமேத கட்டத்து ஆரத்தி மணி அங்கே கேட்டது. விருந்தாளிகள் மாடத்தில் கூடி நின்று பார்த்தார்கள். அக்காளும் மாடத்தில்தான் இருந்தாள். ஆனால் அவள் வடக்கே பார்க்கவில்லை. நேர் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

படுக்கையைத் தொட்டுப் பார்த்து, "மெத்துன்னு இருக்குது, நீ படு" என்றாள். நாற்காலியை மாடத்துக்கு இழுத்துப் போடச் சொன்னாள். நான் இரவில் மூன்று முறை எழுந்து பார்த்தேன். மூன்று முறையும் அவள் விழித்திருந்தாள். கீழே படகில் ஒரு சிறிய விளக்கு எரிந்தது. படகோட்டி போர்வையை இழுத்துப் போர்த்துக்கொண்டு கலயத்தின் பக்கத்தில் படுத்திருந்தார்.

மராட்டிய மந்திரிகளும் ராஜபுத்திர ராணாக்களும் இந்தக் கரை நெடுகிலும் மாளிகை கட்டினார்களே, அது உல்லாசத்துக்காக அல்ல. முதுமையில் காசிவாசம் செய்து, கங்கையைப் பார்த்தபடியே கண்ணை மூடவேண்டும் என்பதற்காகக் கட்டினார்கள். இறப்பதற்கென்று இவ்வளவு அழகாக வீடு கட்டிய ஊர் வேறு எங்கே உண்டு? இன்றைய விலைப் பட்டியலில் அந்தச் சங்கதி இல்லை. இருந்தால் யார் வருவார்கள்? அன்றிரவு அந்த மாடங்களில் எத்தனையோ பேர் நின்று நதியைப் பார்த்தார்கள். மாடம் எதற்காகக் கட்டப்பட்டதோ அதற்காக அதை உபயோகித்தவள் குண்டடத்துக் கிழவி ஒருத்திதான் என்று எனக்குத் தோன்றியது. அவளுக்கு அந்த யோசனையெல்லாம் கிடையாது. "ஒரத்துலே காத்து ஜில்லுன்னு அடிக்குது, அந்தப் பையனுக்கு இன்னொரு போர்வை குடுத்தாத் தேவலை" என்றாள். ஓட்டல் கம்பளி ஒன்றை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். பணியாள் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை.

விடியுமுன் இறங்கினோம். படிகள் அவ்வளவு செங்குத்தாக இல்லை. அல்லது அவள் அன்று முழங்காலை மறந்திருந்தாள். படகை நதியின் நடுவுக்குக் கொண்டுபோனார். சூரியன் மணல் திட்டின் விளிம்பில் எட்டிப் பார்த்த சமயம், அக்காள் கலயத்தைச் சாய்த்தாள். வாய்விட்டு அழவில்லை. "கொண்டாந்துட்டேன்" என்று மட்டும் சொன்னாள். கலயத்தையும் விட்டாள். அது வடக்கு நோக்கி மெதுவாகப் போயிற்று.

திரும்பி வரும்போது படகோட்டியிடம் இரவுக் காவலுக்கு எவ்வளவு என்று கேட்டேன். படகு வாடகையை மட்டும் எண்ணி எடுத்துக்கொண்டு மீதியை என் கையிலேயே வைத்துவிட்டார். நான் வற்புறுத்தினேன்; அவர் கங்கையைக் காட்டித் தலையசைத்தார். அக்காள் தன் பைக்குள் கையை விட்டாள். வழியில் யாருக்காவது கொடுக்கலாமென்று மகன் கம்பெனிப் பனியன்கள் அரை டஜன் கொண்டுவந்திருந்தாள். அத்தனையையும் அவர் மடியில் போட்டாள். அதற்கு அவர் மறுப்புச் சொல்லவில்லை. அங்கேயே ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டார். அளவு சற்றுப் பெரிது. தோள் இரண்டும் தொங்கிற்று.

"ரெண்டு தடவை தொவைச்சாச் சுருங்கிச் சரியாப் போயிரும் தம்பி" என்றாள் அக்காள்.