வில்லியனூர் டு பாகூர்... ஒரு அட்வெஞ்சர் ரூட்!

கேம் முடித்த கையோடு நாலு பேர் ஒரே இடத்தில் சேர்ந்தால் என்ன நடக்கும் தெரியுமா? டீ ஆறிவிடும். அவ்வளவு பேச்சு! 'கிளைமாக்ஸ் சொதப்பல்', 'அந்தக் கதவுப் புதிர் இருக்கே, மூணு நாள் தூங்கலடா', 'நீ யூடியூப் பார்த்துத்தானே முடிச்சே' என்று கிரிக்கெட் மேட்ச் தோற்கும் அளவுக்குச் சண்டை போடுவார்கள். இந்தச் சண்டையை ஹாஸ்டல் அறைக்குள்ளேயே போடுவானேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பைக்கில் கிளம்பினோம். பாண்டிச்சேரி என்றதும் எல்லாரும் பீச்சுக்கும் ஒயிட் டவுனுக்கும் ஓடுவார்கள் இல்லையா? நாங்கள் பிடித்தது எதிர்த்திசை. வில்லியனூர், அங்கிருந்து கிராமத்து ரோடுகள் வழியாக பாகூர். ரெண்டும் புதுச்சேரியின் கொம்யூன்கள். (பஞ்சாயத்துக்கு ஃப்ரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன பேர். ரேஷன் கடை போர்டில்கூட இருக்கும்!) ஒரே ஒரு கண்டிஷன்: நிற்கிற ஒவ்வொரு இடத்திலும் ஒருத்தர் தான் கடைசியாக முடித்த அட்வெஞ்சர் கேமைப் பற்றிப் பேச வேண்டும். உண்மையைப் பேச வேண்டும்.

அட்வெஞ்சர் கேம் என்றால் சுட்டுத் தள்ளுவது இல்லை பாஸ். சுற்றிப் பார்ப்பது, பேச்சுக் கொடுப்பது, கண்ணில் பட்டதைப் பையில் போட்டுக்கொள்வது, பூட்டுக்குச் சாவி தேடுவது. இந்த வகைக்கு இந்தப் பேர் வந்ததே ஒரு ஊர் சுற்றியால்தான். அமெரிக்காவில் வில் கிரௌதர் என்று ஒரு புரோகிராமர். லீவு கிடைத்தால் கென்டக்கியில் இருக்கிற மம்மோத் குகைக்குள் புகுந்து வரைபடம் போடுகிறவர். 1976 வாக்கில் அந்தக் குகையையே கம்ப்யூட்டரில் வெறும் எழுத்தாலேயே கட்டினார். படம் கிடையாது, சத்தம் கிடையாது. 'வடக்கே போ', 'விளக்கை எடு' என்று டைப் அடிக்க வேண்டியதுதான். 1977-ல் டான் வுட்ஸ் என்பவர் அதில் இன்னும் நிறைய மந்திரம், புதையல் எல்லாம் சேர்த்தார். பேர், 'கொலோசல் கேவ் அட்வெஞ்சர்'. ஆக, இந்த வகையின் தாத்தாவே ஒரு நிஜமான இடத்தின் பயணக் கட்டுரை! இந்த லாஜிக்படி வில்லியனூருக்கு ஒரு கேம் வரக்கூடாதா என்பதுதான் அன்றைக்கு எங்கள் வாதம்.

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் ரோட்டில் பத்து கிலோமீட்டர் வந்தால் வில்லியனூர். முதல் ஸ்டாப் லூர்து மாதா கோயில். 1870-களில் கட்டியது. கோயிலுக்கு எதிரே படிக்கட்டு இறங்கும் குளம். சிவன் கோயில் குளம் மாதிரியே இருக்கும், நடுவில் மாதா நிற்பார். பக்கத்திலேயே திருக்காமீஸ்வரர் கோயில், அதற்கும் குளம். கொஞ்ச தூரத்தில் சுல்தான்பேட்டை, பள்ளிவாசல். மூன்றையும் நடந்தே பார்த்துவிடலாம். வைகாசி பிரம்மோற்சவத்தில் திருக்காமீஸ்வரர் தேரை ஃப்ரெஞ்சு கவர்னரே வந்து வடம் பிடித்து இழுத்தார். அந்தப் பழக்கம் விடவில்லை, இன்றும் துணைநிலை ஆளுநர் வந்து இழுக்கிறார்.

இங்கே பேச வேண்டியவன் மெக்கானிக்கல் படிக்கிற நண்பன். அவன் முடித்தது 'அன்சார்ட்டட்: தி லாஸ்ட் லெகசி'. 2017-ல் வந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஹொய்சாளர்களின் புதையலைத் தேடி ரெண்டு பெண்கள் போகிற கதை. "மச்சி, கல்லுல ஒவ்வொரு யானையும் செதுக்கினாப்ல இருக்கு. கிராஃபிக்ஸுக்கே பத்துக்குப் பத்து" என்றான். எதிர்க்கட்சி சும்மா இருக்குமா? "முதல் சீன்ல ஒரு கடைத்தெரு வருது. அதுக்கப்புறம் அத்தனை பெரிய கோயில்ல விளக்கேத்த ஒரு ஆள் உண்டா? பூ விக்கிற பாட்டி உண்டா?" நியாயமான கேள்வி. 1998-ல் வந்த 'டூம் ரைடர் 3' இந்தியாவில்தான் தொடங்கும். அதிலும் காடு, குரங்கு, புலி, இடிந்த கோயில். ஊர்க்காரர்கள் யாருமே இல்லாத இந்தியா! நாங்கள் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது கோபுர வாசலில் செருப்பு விட இடம் இல்லை. மெக்கானிக்கல்காரன் மட்டும் அசையவில்லை. "கூட்டம் இருந்தா எப்படிடா சுவர் ஏறிக் குதிக்கிறது?" என்றான். அதுவும் ஒரு கருத்துதான்!

வில்லியனூரில் இன்னொன்றும் விட்டுவிடாதீர்கள். இங்கே செய்கிற சுடுமண் பொம்மைகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. சங்கராபரணி ஆற்றங்கரை ஊர், மண்ணுக்கா பஞ்சம்? கோயிலில் பார்த்த குதிரை கைக்கு அடக்கமாகவும் கிடைக்கும், ஆள் உயரத்துக்கும் கிடைக்கும். பைக்கில் வந்தவர்கள் கைக்கு அடக்கமானதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

சுல்தான்பேட்டைப் பக்கம் ஒரு கடையில் சாப்பிட உட்கார்ந்தோம். அடுத்த முறை யாருடையது தெரியுமா? மேல்படிப்புக்குக் கனடா விசாவுக்குக் காத்திருக்கிற நண்பன். அவன் முடித்தது 'வெண்பா'. தெரியாதவர்களுக்கு: 2023-ல் வந்த கேம். டொராண்டோவில் இருக்கிற 'விசை கேம்ஸ்' செய்தது. 1988-ல் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குப் போன வெண்பா, அவள் கணவன் பாவலன், அங்கே பிறக்கிற மகன் கவின், இவ்வளவுதான் கதை. அம்மா கொடுத்தனுப்பிய சமையல் குறிப்பு நோட்டில் பாதி எழுத்து அழிந்திருக்கும், கிழிந்திருக்கும். மிச்சத்தை யோசித்துச் சமைக்க வேண்டும். அதுதான் புதிர். இட்லித் தட்டை எப்படி அடுக்கினால் ஆவி எல்லாத் தட்டுக்கும் போகும்? புட்டுக்குழலில் எது முதலில், எது மேலே? 2024-ல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக கேம் விருது, சுயாதீன கேம்களுக்கான ஐ.ஜி.எஃப். விழாவில் முதல் பரிசு, ரெண்டையும் தட்டிக்கொண்டு போனது.

"ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சிருது. கொடுத்த காசுக்கு வொர்த்தே இல்ல. இட்லித் தட்டு அடுக்குறதெல்லாம் ஒரு புதிரா? எங்கம்மா தினமும் கண்ணை மூடிட்டு ஜெயிப்பாங்க" என்று ஒருத்தன் ஆரம்பித்தான். கனடாக்காரன் சண்டைக்கு வரவில்லை. பிரியாணியைக் கிளறிக்கொண்டே சொன்னான்: "அந்தப் பையன் வளர்ந்ததும் அம்மா பேசுற தமிழ் அவனுக்குப் பாரமாயிடுது. ஸ்கூல்ல அவன் கவின் இல்ல, கெவின். முடிச்சிட்டு எங்கம்மாகிட்ட போய் ரசத்துக்கு அளவு என்னான்னு கேட்டேன்டா. 'அளவென்ன அளவு, கண் அளவுதான்'னு சொல்லிட்டாங்க. கண்ணை எப்படிடா எழுதி எடுத்துட்டுப் போறது?"

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. புதுச்சேரிப் பக்கத்தில் கடல் தாண்டுவது புதுசில்லைதான். ஃப்ரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களை 'சொல்தா' என்பார்கள். சொல்தா வீட்டுப் பிள்ளைகள் பாரிஸில், பாட்டி மட்டும் ஊரில் என்கிற வீடுகள் நிறைய உண்டு. 'வெண்பா' அப்படிப்பட்ட வீடுகளின் கேம். நீளம் பத்தவில்லை என்பது சரிதான், நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ரெண்டு மணி நேரத்தில் ஒருத்தனை அம்மாவிடம் ரசம் கேட்க வைத்த கேமுக்கு நான் மார்க் குறைக்க மாட்டேன்.

சாப்பாடு முடிந்து கீழூருக்கு விட்டோம் வண்டியை. வில்லியனூர் கொம்யூனில் ஒரு சின்ன கிராமம். வயல், தென்னை, நடுவில் ஒரு நினைவிடம். புதுச்சேரிக்காரர்களிலேயே பாதிப் பேர் வந்திருக்க மாட்டார்கள். ஆனால் இங்கே நடந்தது என்ன தெரியுமா? 1954 அக்டோபர் 18. ஃப்ரெஞ்சு இந்தியாவின் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் இந்த ஊரில் கூடி ஓட்டுப் போட்டார்கள். இந்தியாவோடு சேர்வதா, வேண்டாமா? சேரலாம் என்று 170, வேண்டாம் என்று 8. நவம்பர் 1-ந் தேதி நிர்வாகம் கை மாறியது. சட்டப்படி முழுசாகச் சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16. அதனால்தான் ஒவ்வொரு ஆகஸ்ட் 16-ம் இங்கே கொடி ஏறுகிறது. அத்தோடு கதை முடியவில்லை. 1962-க்குப் பிறகு ஆறு மாசத்துக்குள் 'எனக்கு ஃப்ரெஞ்சுக் குடியுரிமையே போதும்' என்று எழுதிக் கொடுக்க ஒப்பந்தத்தில் வழி வைத்திருந்தார்கள். ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்! பேரன் பாரிஸில் பிறப்பானா, பாகூரில் பிறப்பானா என்பதே அதில் இருந்தது.

இந்த இடத்துக்கு என்று பொறுக்கி வைத்த மாதிரி மூன்றாவது ஆள் முடித்திருந்தது 'லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச்'. பாரிஸின் டோன்நோட் கம்பெனி செய்தது, 2015-ல் வந்தது. காலத்தைக் கொஞ்சம் பின்னால் சுற்ற முடிகிற ஒரு மாணவி. எதைத் தேர்ந்தெடுத்தாலும் பிடிக்கவில்லை என்றால் ரீவைண்டு. "எல்லாத்தையும் நம்மளையே முடிவெடுக்கச் சொல்லி, கடைசியில ரெண்டே ரெண்டு பட்டன்ல கொண்டுவந்து நிறுத்திட்டாங்க. அதுவரைக்கும் நான் எடுத்த முடிவெல்லாம் எங்கடா போச்சு?" என்று அவளுக்குச் செம கடுப்பு. (ஆமாம், 'அவள்'தான். எங்கள் நாலு பேரில் அதிக கேம் முடித்தவளும் அவள்தான்.) இது அந்த ஒரு கேமின் குறை மட்டும் இல்லை. 2012-ல் வந்த டெல்டேலின் 'தி வாக்கிங் டெட்' மேலும் இதே புகார் உண்டு. எந்த ரோட்டில் போனாலும் ஒரே பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடுவார்கள்! கீழூரில் ஓட்டுப் போட்டவர்களுக்கு ரீவைண்டு பட்டன் கிடையாது. அந்த எட்டுப் பேர் என்ன நினைத்து 'வேண்டாம்' என்றிருப்பார்கள்? எட்டு பேரில் ஒருத்தராக ஆட விட்டால் அந்த கேமை நான் முதல் நாளே வாங்குவேன் என்றாள் அவள். நானும்தான்.

கீழூரிலிருந்து ஏம்பலம் வழியாக பாகூர் போகிற ரூட் இருக்கிறதே, அதுவே ஒரு மேப் புதிர். புதுச்சேரி ஒரே துண்டு நிலம் இல்லை. பத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாக விழுப்புரம், கடலூர் மாவட்டங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கிறது. வில்லியனூரும் பாகூரும் ஃப்ரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்தது 1749-ல். அந்தக் காலத்து நவாப்களும் நவாப் ஆகத் துடித்தவர்களும் உதவிக்கு நன்றியாகக் கிராமங்களை அள்ளி அள்ளிக் கொடுத்ததில் எல்லை இப்படிக் கோணிக்கொண்டது. 1752-ல் பாகூரில் ஆங்கிலேயருக்கும் ஃப்ரெஞ்சுக்காரர்களுக்கும் பெரிய சண்டையே நடந்தது. லாரன்ஸ் தலைமையில் ஆங்கிலேயர்கள் ஜெயித்தார்கள். இன்றைக்கு எல்லை தாண்டினீர்களா என்று பெட்ரோல் பங்க் விலையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

பாகூரில் மூலநாதர் கோயில். சோழர் காலத்துக் கற்றளி. சுவர் முழுக்கக் கல்வெட்டு. உட்கார்ந்து பார்க்க வேண்டிய இடம் இது, அவசரப்படாதீர்கள்.

மிச்சம் நான்தான். நான் முடித்தது 'ஹெவன்ஸ் வால்ட்'. 2019-ல் இங்கிலாந்தின் இங்க்ள் கம்பெனி செய்தது. ஆலியா என்கிற தொல்லியல் ஆய்வாளர், கூட ஒரு ரோபோ. செத்துப்போன ஒரு மொழியை ஓட்டிலும் கல்லிலும் கிடைக்கிற துண்டு எழுத்தை வைத்து நாமே யூகித்துப் படிக்க வேண்டும். 'இது கோயிலா, ஆறா?' என்று ஒன்றை வைத்துவிட்டு நகர்வோம். பல மணி நேரம் கழித்துத்தான் அது தப்பா சரியா என்று தெரியும். மெதுவான கேம். கப்பலில் மிதந்துகொண்டே இருக்கிற பகுதிகள் சத்தியமாகக் கொட்டாவி. ஆனால் ஒரு வார்த்தை பிடிபடும்போது வரும் சந்தோஷம் வேறெந்த கேமிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

அதே சந்தோஷம் இந்தச் சுவரில் ஓசியில் கிடைக்கிறது. 'ட', 'ப', 'ம' எல்லாம் கண்ணுக்குச் சிக்கும். 'ஸ்வஸ்திஸ்ரீ' என்றுதான் பெரும்பாலும் ஆரம்பிக்கும், அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். அப்புறம்தான் இருக்கிறது வேடிக்கை. பழைய கல்வெட்டுகளில் பொதுவாகப் புள்ளி வைக்க மாட்டார்கள். 'எ'வும் 'ஏ'வும் ஒரே மாதிரி இருக்கும். 'கொல' என்று செதுக்கியிருந்தால் அது கொல்லா, கோலா? பக்கத்து வார்த்தையைப் பார்த்து நீங்கள்தான் முடிவு பண்ண வேண்டும். நாங்கள் நாலு பேர் முக்கால் மணி நேரம் ஒரு வரியோடு மல்லுக்கட்டினோம். ஒரு வார்த்தை சிக்கியது: 'நிலம்'. மெக்கானிக்கல்காரன் போட்ட விசிலில் புறா பறந்தது! (சுண்ணாம்பு, மாவு எதையும் தடவிப் படிக்காதீர்கள். கல் பாழாகிவிடும். போன் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தாலே போதும்.)

இன்னொரு சேதி. பாகூரில் கிடைத்த செப்பேடுகள் 9-ம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனுடையவை. வடமொழியிலும் தமிழிலும் எழுதியவை. அதில் என்ன சொல்கிறது? பாகூரில் இருந்த கல்விச்சாலைக்கு மூன்று கிராமங்களைக் கொடுத்திருக்கிறான். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் இது ஒரு கேம்பஸ்! இன்றைக்கும் இந்த கொம்யூனில் இன்ஜினீயரிங், மெடிக்கல் என்று கல்லூரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. அந்தப் பசங்களில் எத்தனை பேருக்குத் தங்கள் சீனியர்கள் பற்றித் தெரியும்?

கடைசி ஸ்டாப் பாகூர் ஏரி. புதுச்சேரியில் ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி இதுதான். தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வருகிறது. சிங்காரி, பங்காரி என்று ரெண்டு அக்கா தங்கை வாய்க்கால் வெட்டிக் கொடுத்ததாக ஊரில் கதை சொல்கிறார்கள். கரையில் உட்கார்ந்து நாலு பேரும் கேமுக்குக் கதை எழுத ஆரம்பித்தோம். அக்கா தங்கை ரெண்டு பேரில் ஹீரோயின் யார் என்பதிலேயே சண்டை வந்துவிட்டது. கனடாக்காரன் 'முதல் லெவல் ரசம்' என்கிறான். அவள் 'கீழூர்தான் கிளைமாக்ஸ்' என்கிறாள்.

நீங்களும் போவதாக இருந்தால்: புதுச்சேரி பஸ் ஸ்டாண்டிலிருந்து ரெண்டு ஊருக்குமே பஸ் உண்டு. வில்லியனூருக்கு விழுப்புரம் ரயிலிலும் வரலாம். ஆனால் நடுவில் இருக்கிற கிராமங்களுக்கு டூ வீலர்தான் வசதி. கோயில்கள் மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள், வில்லியனூரைக் காலையிலும் பாகூரைச் சாயங்காலத்திலும் வைத்துக்கொள்ளுங்கள். மழை முடிந்த டிசம்பர், ஜனவரியில் ஏரி நிறைந்திருக்கும்.