வெள்ளாற்றின் கடைசி மண்

எங்கள் நல்லூருக்கு ஆறு என்றால் மணிமுத்தாறுதான். கல்வராயன் மலையில் பிறந்து வரும் அந்த ஆற்றில் ஆண்டின் பெரும்பகுதி மணல்தான் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை வலுத்தால் செந்நிற வெள்ளம் இரு கரைகளையும் தொட்டு ஓடும். அந்நாட்களில் என் தந்தையார் ஒரு செம்பில் வெள்ளநீரை மொண்டு வந்து திண்ணையில் வைப்பார். மறுநாள் காலையில் தெளிந்த நீரை வடித்துவிட்டு, அடியில் படிந்திருக்கும் வண்டலை விரலால் தொட்டுப் பார்ப்பார். "ஒரு செம்புத் தண்ணியிலே இவ்வளவு மண்ணு. அப்போ ஆறு முழுக்க எவ்வளவு இருக்கும்? அத்தனையையும் எங்கே கொண்டுபோய்க் கொட்டுது?" என்று கேட்பார். 'கழிமுகம்' என்று என் புவியியல் நூலில் ஒரு சொல் இருந்தது. அதைச் சொன்னேன். அந்தச் சொல் அவருக்குப் போதவில்லை.

மண்ணைப் பற்றி அவர் கேட்டதில் வியப்பில்லை. விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் அவர் சூளைத் தொழிலாளி. களிமண்ணோடு படிகக்கல் தூளும் பெல்ஸ்பார் தூளும் கலந்து, பிசைந்து, அச்சில் வார்த்து, உலர்த்தி, சூளையேற்றுவது அவருடைய வேலை. மின்கம்பத்து இன்சுலேட்டர்கள், ப்யூஸ் கட்டைகள், கொலுப் பொம்மைகள், அகல் விளக்குகள் எல்லாம் அவர் கைபட்டு வெளியே போயின. எந்த ஊருக்குப் போனாலும் அங்குள்ள மண்ணை ஒரு சிட்டிகை எடுத்து விரல்களுக்கிடையே உருட்டிப் பார்ப்பார். உறவினர் வீட்டுத் திருமணத்திலும் இதைச் செய்வார். அம்மாவுக்கு வெட்கமாக இருக்கும்.

2003ஆம் ஆண்டு பொங்கல் விடுமுறையில், நான் பதினோராம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது, "ஆறு முடியிற இடத்தைப் பார்த்துட்டு வருவோம்" என்று என்னை அழைத்துக்கொண்டு புறப்பட்டார். மணிமுத்தாறு கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு கலந்து தன் பெயரை இழக்கிறது. சேத்தியாத்தோப்பு, புவனகிரி என்று பேருந்து போன வழியெல்லாம் வெள்ளாறு அருகிலும் தொலைவிலுமாக உடன்வந்தது. பரங்கிப்பேட்டையில் அது கடலைச் சேர்கிறது. அதற்குத் தெற்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் கிடப்பதுதான் பிச்சாவரம். நாங்கள் சிதம்பரத்தில் இறங்கி வேறு பேருந்தில் கிள்ளை வழியாக அங்கே போய்ச் சேர்ந்தோம்.

பிச்சாவரம் என்றதும் பலருக்கும் திரைப்படம்தான் நினைவுக்கு வரும். 1975இல் வெளிவந்த 'இதயக்கனி'யின் காட்சிகள் இங்கே எடுக்கப்பட்டவை. நேரில் பார்க்கும்போது முதலில் தெரிவது காடன்று, நீர்தான். ஏறத்தாழ 1,100 எக்டேர் பரப்பில் ஐம்பதுக்கும் மேற்பட்ட சிறு தீவுகள். அவற்றை அங்குள்ளோர் திட்டு என்கிறார்கள். ஒரு திட்டுக்கும் மறு திட்டுக்கும் இடையே வாய்க்கால்கள். சில வாய்க்கால்களில் இருபுறக் கிளைகளும் மேலே கூடிக்கொள்வதால் படகில் இருப்பவர் குனிந்துதான் செல்ல வேண்டும்.

துடுப்புப் படகு உள்ளே நுழைந்த சிறிது நேரத்தில் கரையின் பேச்சொலி அடங்கிவிட்டது. அமைதி என்றால் ஒலியே இல்லாமை என்று நான் எண்ணியிருந்தேன். அங்கே ஒலிகள் இருந்தன. ஆனால் ஒவ்வொன்றும் தனித்தனியே கேட்டது. துடுப்பிலிருந்து நீர் சொட்டுவது, மீன்கொத்தி நீரில் விழுந்து எழுவது, நண்டு வளைக்குள் ஓடும்போது ஈரச்சேற்றில் எழும் சிறு சத்தம். சேற்றில் தாவித் தாவிச் செல்லும் மீனை நான் முதன்முதலில் கண்டது அன்றுதான்.

படகோட்டி ஐம்பதை எட்டியவர். தந்தையார் கேட்கக் கேட்க ஒவ்வொரு மரமாகக் காட்டினார். கிளையிலிருந்தும் தண்டிலிருந்தும் வேர்களை இறக்கி ஊன்றி நிற்பது சுரபுன்னை. சேற்றிலிருந்து விரல்களைப்போல மூச்சு வேர்களை மேல்நோக்கி நீட்டுவது வெண்கண்டல். அதன் இலையை நாவில் வைத்தால் உப்புக் கரிக்கும், வேர் உறிஞ்சிய உப்பை இலை வெளியே தள்ளிவிடுகிறது. சற்று மேட்டில் நின்ற ஒரு மரத்தைக் காட்டி, "இதைத் தொடாதீங்க தம்பி, பால் கண்ணிலே பட்டா பார்வைக்கே ஆபத்து. இதுதான் தில்லை" என்றார். சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் பெயரைத் தந்த மரம் அது. அந்நகரில் தில்லைவனம் இன்று இல்லை. மரத்தைப் பார்க்க இங்கே வரவேண்டியிருக்கிறது.

ஒரு திட்டின் ஓரம் படகை நிறுத்தச் சொல்லி, தந்தையார் கையை நீட்டிக் கருஞ்சேற்றை அள்ளினார். உருட்டினார், நீட்டினார், முகர்ந்தார். "நல்ல பிசுபிசுப்பு. ஆனா சூளைக்கு ஆகாது. உப்பு மண்ணு, சுட்டா வெள்ளை பூக்கும்" என்றார்.

படகோட்டி சிரித்தார். "சுட வேண்டாங்க ஐயா. காய்ஞ்சாலே போதும், இந்த மண்ணு கெட்டுப்போயிடும்" என்றார்.

பிறகு அவர் சொன்னதை நான் இன்றும் மாணவர்களுக்குச் சொல்லி வருகிறேன். கடந்த நூற்றாண்டில் பல பத்தாண்டுகள், இக்காட்டின் மரங்கள் பகுதி பகுதியாக முற்றும் வெட்டப்பட்டன. வெட்டிய இடத்தில் கன்றுகள் தாமே முளைத்துவிடும் என்று எதிர்பார்த்தார்கள். முளைக்கவில்லை. நிழல் போனதும் வெயில் நேரே சேற்றில் விழுந்தது. சேற்றிலிருந்த நீர் வற்றியது. மண் தாழ்ந்து தட்டைப்போலக் குழிந்தது. உயர் ஓதத்தின்போது அக்குழிக்குள் வந்த கடல்நீர் திரும்பிப் போக வழியின்றித் தேங்கி வற்றியது. வற்ற வற்ற உப்பு ஏறியது. உவர்நீரில் வாழும் மரத்துக்கும் பொறுக்க முடியாத உப்பு அது.

"சுருங்கிடுச்சு" என்றார் தந்தையார். அவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. பச்சைக் களிமண்ணில் செய்த பொருள் உலர்ந்து வெந்து வெளிவரும்போது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சுருங்கிவிடும். அதைக் கணக்கிட்டே அச்சைப் பெரிதாகச் செய்வார்கள். தம் சூளையடியில் நடப்பது ஒரு காட்டின் அடியிலும் நடந்திருக்கிறது என்பது அவரை வெகுநேரம் பேசவிடாமல் செய்தது.

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து அக்குழிகளுக்கு வாய்க்கால் வெட்டினர். நடுவே ஒரு பெரிய வாய்க்கால். இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன்முள்ளைப்போல இருக்கும். ஓதம் ஏறும்போது நீர் உள்ளே வரும், வடியும்போது உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியேறும். வாய்க்கால் ஓரங்களில் கன்றுகளை நட்டார்கள். எங்கள் படகோட்டி நாட்கூலிக்கு அந்த வாய்க்கால்களில் மண் வெட்டியவர். ஓரிடத்தில், ஆளுயரத்துக்குமேல் நின்ற மரங்களைக் காட்டி, "இதெல்லாம் அப்போ வெறுந்தரை" என்றார். நட்டால் மட்டும் போதாது, வாய்க்காலில் வண்டல் தூர்ந்துவிடும், ஓயாமல் தூர்வார வேண்டும் என்றும் சொன்னார்.

திரும்பும் வழியில் இருளர் பெண்கள் சிலர் இடுப்பளவு நீரில் இறால் பிடித்துக்கொண்டிருந்தனர். வலையில்லை, தூண்டில் இல்லை. வேரடியிலும் சேற்றிலும் கைகளால் துழாவுகிறார்கள். பிடித்ததை, வாயில் கவ்வியிருக்கும் ஓலைப்பறியில் போடுகிறார்கள். பறியைக் கவ்வியிருப்பதால் பேச முடியாது. படகைக் கண்டதும் ஒருத்தி கண்ணால் மட்டும் சிரித்தாள்.

பிற்பகலில் முடசல் ஓடையிலிருந்து ஒரு மீனவரின் பைபர் படகில் கடலோரத் திட்டுக்குப் போனோம். காட்டுக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் மணல்மேடுகளில் ஒன்று அது. பெயர் எம்.ஜி.ஆர். திட்டு. மீனவர் குடியிருப்பு, வீடுகள், காயும் வலைகள், கருவாட்டு மணம், ஓடிவரும் பிள்ளைகள். ஆறு முடியும் இடம் எது என்று தந்தையார் கேட்டதற்கு அவர்கள் வடக்கே கை நீட்டினர். வெள்ளாற்றின் முகம் அங்கே கலங்கலாகத் தெரிந்தது, அதற்கப்பால் நீலம். அந்த எல்லைக்கோட்டைத் தந்தையார் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

குடிக்கத் தண்ணீர் கேட்டோம். ஒரு மூதாட்டி மணலில் தோண்டிய ஊற்றிலிருந்து கொட்டாங்கச்சியால் மொண்டு தந்தார். இருபுறமும் உப்புநீர் இருக்க, அந்த ஊற்று இனித்தது. மழைநீர் மணலுக்குள் இறங்கி, உப்புநீரின்மேல் மிதந்து தங்குவதால் அப்படி. தந்தையார் பையிலிருந்த நான்கு பீங்கான் அகல்களை அவரிடம் கொடுத்தார். "அடுத்த வாட்டி வரும்போது பொம்மை கொண்டாங்க, பேத்திக்கு" என்றார் மூதாட்டி. கொண்டுவருவதாகத் தந்தையார் சொன்னார்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. ஆழிப்பேரலை வந்தது. எம்.ஜி.ஆர். திட்டில் ஊரே அழிந்தது, பலர் மாண்டனர். எஞ்சியவர்கள் பின்னர் நிலப்பகுதியில் குடியமர்த்தப்பட்டனர். செய்தித்தாளில் அப்பெயரைப் பார்த்த அன்று தந்தையார் வேலைக்குப் போகவில்லை. மூதாட்டியின் பெயரைக்கூட நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. யாரிடம் போய் விசாரிப்பது?

கண்டல் காட்டுக்குப் பின்னே இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்ற செய்தியும் அப்போதே வந்தது. பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தைச் சேர்ந்த கதிரேசன், இப்பகுதியின் 18 சிற்றூர்களை ஒப்பிட்டு இதை 2005இல் ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டார். வேறு சிலர் மறுத்தனர்: அவ்வூர்கள் கடலிலிருந்து தள்ளியும் மேட்டிலும் இருந்தன, தப்பியதற்கு அதுவே காரணமாகலாம் என்றனர். நான் இரண்டையும் படித்திருக்கிறேன். காட்டை ஒரு மதிலாக எண்ணி, அதை நம்பிக் கடலோரத்தில் வீடு கட்டுவது தவறு என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அந்தத் திட்டுக்கும் கடலுக்கும் இடையே ஒரு மரமும் இல்லாதிருந்ததை நான் கண்ணால் கண்டவன். அதை என்னால் மறக்க முடியவில்லை.

பொம்மை கொடுக்காமலே இருபது ஆண்டுகள் கழிந்தன. 2022இல் பிச்சாவரம் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு சனவரியில் தனியே போனேன். தந்தையாருக்கு முழங்கால் வலி; படகேற முடியாது. காட்டுக்குள் கூட்டம் மிகுந்திருந்தது. ஒரு படகில் கைப்பேசியில் பாட்டு அலறியது. படகோட்டும் இளைஞர் நிறுத்தச் சொன்னார், நிறுத்தவில்லை. கொக்குகள் எழுந்து வேறு திட்டுக்குப் போயின. முன்பு வெறுந்தரையாக இருந்ததாகச் சொல்லப்பட்ட இடங்களை அடையாளம் காண முயன்றேன், முடியவில்லை. எங்கும் பச்சை.

முடசல் ஓடையில் படகு பிடித்து மணல்திட்டுக்குப் போனேன். இப்போது அங்கே குடியிருப்பு இல்லை. ஆண்டுதோறும் டிசம்பர் 26 அன்று, உறவுகளை இழந்தவர்கள் படகில் வந்து அஞ்சலி செலுத்திப் போகிறார்கள் என்றார் படகுக்காரர். நான் போன நாளில் காற்றும் அலையும் தவிர வேறொன்றும் இல்லை. காலையில் காட்டுக்குள் நான் தேடிப்போன அமைதி இங்கே கேட்காமலே கிடைத்தது. அதில் என்னால் நெடுநேரம் நிற்க இயலவில்லை.

புறப்படுமுன் மணலில் மண்டியிட்டுக் கையால் தோண்டினேன். முழங்கை அளவு ஆழத்தில் நீர் ஊறியது. கலங்கல் அடங்கும்வரை காத்திருந்து, ஒரு புட்டியில் நிரப்பிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். தந்தையார் ஒன்றும் பேசாமல் அந்த நீரைப் பழைய செம்பில் ஊற்றித் திண்ணையில் வைத்தார். மறுநாள் விடிந்ததும் செம்பைச் சாய்த்து அடியைப் பார்த்தார்.

"மண்ணே இல்லையேடா" என்றார்.

பிறகு அதை உதட்டருகே கொண்டுபோய் ஒரு வாய் குடித்துவிட்டு, உப்புக் கரிக்கவில்லை என்று அம்மாவிடம் சொல்ல உள்ளே போனார்.