ஸ்டியரிங் ஆடுதா, சீட் ஆடுதா?

ஈஸ்டர் முடிந்தால் ஜெர்மனியில் குளிர்கால டயரைக் கழற்றிவிட்டுக் கோடை டயர் மாட்டும் படலம். மாட்டிய கையோடு நண்பரின் போர்ஷே கேமனில் ஆட்டோபான் ஏறினோம். நூறு வரைக்கும் சமர்த்து. 110-ஐத் தொட்டதும் உதறல்.

ஸ்டியரிங் ஆடினால் பெரும்பாலும் முன் சக்கரம், சீட் ஆடினால் பின் சக்கரம். பிரேக் மிதிக்கும்போது மட்டும் என்றால் டிஸ்க்கைப் பாருங்கள். இங்கே ஸ்டியரிங். சாதாரணக் காரில் முன்னதைப் பின்னால் போட்டு, ஆட்டமும் இடம் மாறுகிறதா என்று பார்த்துவிடலாம். இதில் பின் டயர் அகலம் அதிகம், அந்த வித்தை பலிக்காது.

எல்லோரும் உடனே 'பேலன்சிங் பண்ணு' என்பார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. அந்த மெஷின் சக்கரத்தை மட்டும்தான் பார்க்கும், அது உட்காரும் ஹப்பைப் பார்க்காது. கழற்றினோம். ரோட்டு உப்பு தின்ற துரு, ஹப் முகத்தில் பொருக்குப் பொருக்காக. சக்கரம் முழுசாகப் படியவே இல்லை! கம்பி பிரஷ்ஷால் உலோகம் தெரியத் தேய்த்தோம். போல்ட்டுகளை முதலில் கையால், ஒன்றுவிட்டு ஒன்றாகச் சுற்றி, காரை இறக்கிய பிறகு டார்க் ரெஞ்சால் முடுக்கினோம்.

130-இலும் கை அசையவில்லை. பின் ஹப்புகளை வரும் சனிக்கிழமை பார்க்கணும்.