யாருக்கோ ஒரு காப்பி

நேப்பிள்ஸில் கப்பல் நின்றால் நடந்தே ஊருக்குள் போய்விடலாம். எதிரே பழைய கோட்டை, அதைத் தாண்டினால் காப்பிக் கடைகள். எல்லோரும் நின்றபடிதான் குடிக்கிறார்கள். கல்லாவில் பணம் கட்டி வாங்கிய ரசீதைக் காப்பி போடுகிறவர் முன்னால் வைக்கும்போது கூடவே ஒரு சின்னக் காசையும் வைக்கிறார்கள். சிலர் இரண்டு காப்பிக்குப் பணம் கட்டி ஒன்றை மட்டும் குடித்துவிட்டுப் போவார்கள். மற்றது, கையில் காசில்லாமல் பிறகு வரப்போகும் யாரோ ஒருவருக்கு.

கொடுக்கிறவர் முகம் தெரியாத அந்த ஊரை நினைத்தால், வாங்கவே மறுத்த யோகோஹாமாவும் நினைவுக்கு வருகிறது. டாக்சிக் கதவு தானாகத் திறந்தது. "மீதியை அவரையே வெச்சுக்கச் சொல்லுங்க" என்றாள் மனைவி. டிரைவர் சிரித்துத் தலைகுனிந்தார்; கடைசி யென் வரை சிறு தட்டில் எண்ணி வைத்தார். அங்கே நல்ல உபசரிப்பு கூலிக்குள்ளேயே அடக்கம்.

அலெக்சாண்ட்ரியா நேர்மாறு. கழிப்பறை வாசலில் காகிதம் தருபவர், பையைத் தூக்கியவர், வழி காட்டியவர் என எல்லோருக்கும் ஏதாவது தரவேண்டும். ஒரு காவலாளி கை நிறைய யூரோ நாணயங்களை நீட்டி, நோட்டாக மாற்றித் தரமுடியுமா என்று கேட்டார். பயணிகள் தாராளமாகக் கொடுத்தவைதான். வெளிநாட்டு நாணயத்தை வங்கியில் மாற்ற முடியாது. அவருக்கு அது வெறும் உலோகம்.

ஃபுளோரிடாவின் கீ வெஸ்டில் டிப்ஸ்தான் சம்பளமே. டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி மணிக்கு 2.13 டாலர் தந்தால் போதும் என்பது 1991 முதல் அமெரிக்க மத்தியச் சட்டம். ஃபுளோரிடாவில் அதைவிட அதிகம்தான் என்றாலும், மற்றத் தொழிலாளியின் குறைந்தபட்சக் கூலிக்கு அது கீழேதான். பில்லில் 15 முதல் 20 சதவீதம் சேர்த்துக் கொடுப்பது அங்கே தர்மம் இல்லை, கூலி பாக்கி.

நேப்பிள்ஸில் உட்கார்ந்து சாப்பிட்டால் பில்லில் தலைக்கு இவ்வளவு என்று மேசைக் கட்டணம் ஒன்று இருக்கும். அது கடைக்குப் போவது. பரிமாறுகிறவருக்குச் சம்பளம் உண்டு. ஓரிரு யூரோ வைத்தால் சந்தோஷப்படுவார், வைக்காவிட்டாலும் முறைக்கமாட்டார்.

ஆகவே, கரை இறங்குமுன் அந்த ஊர்த் தொழிலாளிக்குக் கூலி எங்கிருந்து வருகிறது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். பில்லை முழுதாகப் படியுங்கள். உள்ளூர்ச் சில்லறை நோட்டுகளைத் தனியே வைத்திருங்கள். வேண்டாம் என்கிறவரை வற்புறுத்தாதீர்கள்.